எல்லாக் கடனையும் ஒண்ணாக்கித் தர்றோம் சார்!

‘உங்க எல்லாக் கடனையும் ஒண்ணாக்கி இஎம்ஐயைப் பாதியாக் குறைச்சுத் தர்றோம் சார்’ என்று ஒரு போன் வந்ததாக மச்சினன் சொன்னான். ‘அதுக்கு நீ அவங்களுக்கு என்ன குடுக்கணும்?’ என்றுதான் நான் முதலில் கேட்டேன். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு வேறு கேள்வி வராது.

இந்த மாதிரி போன் இப்போது யாருக்குத்தான் வருவதில்லை? நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பரின் மகளுக்கு வந்திருக்கிறது, எங்கள் தெரு மெடிக்கல் கடைக்காரருக்கு வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. மச்சினனிடம் கேட்டுவிட்டுத்தான் அவன் கணக்கை இங்கே வைக்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. கடன் நாலு. முதல் கிரெடிட் கார்டில் 1,40,000. இரண்டாவது கார்டில் 80,000. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு வாங்கிய பர்சனல் லோனில் இன்னும் 2,10,000 பாக்கி, வட்டி 16 சதவீதம். ஒரு தீபாவளிச் சமயத்தில் ஆப்பில் எடுத்தது 45,000. மொத்தம் 4,75,000. மாதாமாதம் கட்டுவது இரண்டு கார்டுக்கும் 7,000, 4,000, பர்சனல் லோனுக்கு 9,600, ஆப்புக்கு 5,500. கூட்டினால் 26,100. வீட்டு வாடகையும் பள்ளிக்கூட வேன் காசும் போனால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவன் ஒரு தவணை கூடத் தவறவில்லை. தவறாமல் கட்டியும் ஏன் கடன் குறையவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியாத புதிராக இருந்தது.

கார்டு பில்லை வாங்கிப் பார்த்தேன். மேலே பட்டையான எழுத்தில் ‘மினிமம் அமவுண்ட் டியூ 7,000’. அதைத்தான் அவன் தவணை என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே பொடி எழுத்தில் மாத வட்டி 3.6 சதவீதம். 1,40,000க்கு 5,040 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 907 ரூபாய். ஆக 5,947 வட்டிக்கே போய்விடுகிறது. 7,000 கட்டினால் அசலில் கழிவது 1,053 ரூபாய்தான்! இரண்டாவது கார்டும் அதே கதை: 4,000 கட்டினால் 3,398 வட்டியும் வரியும், அசலுக்கு 602. இதில் இன்னொரு கொடுமை, பாக்கியை முழுதாகக் கட்டாத கார்டில் வட்டியில்லாத நாட்கள் என்கிற சலுகை கிடையாது. பெட்ரோலுக்கு 500 ரூபாய் தேய்த்தாலும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

‘மாமா, நாலு வருஷமா கட்டிட்டிருக்கறனுங்களே, அப்ப அதெல்லாம் எங்க போச்சு?’ என்றான். அங்கேதான் போச்சு மாப்ள.

சரி, அந்த போன்காரர்களிடமே பேசிப் பார்ப்போம் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நல்ல தன்மையான குரல். ‘நீங்க டென்ஷனே ஆக வேண்டாம் சார், எல்லாத்தையும் எங்க டீம் பாத்துக்கும்’ என்று ஆரம்பித்தார். திட்டம் இதுதான். இந்த மாதத்திலிருந்து எந்த இஎம்ஐயும் கட்டக் கூடாது. அதற்குப் பதிலாக அவர்கள் சொல்கிற கணக்கில் மாதம் 9,000 போட்டு வர வேண்டும். பணம் சேரச் சேர, கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் பேசிப் பாதித் தொகைக்கு முடித்துத் தருவார்கள். அவர்களுக்கு மொத்தக் கடனில் 15 சதவீதம், ஜிஎஸ்டி தனி. வங்கியிலிருந்து போன் வந்தால் அதையும் அவர்களே பேசிக்கொள்வார்களாம்.

‘இதுல ஒண்ணாக்கறது எங்கங்க வருது?’ என்று கேட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகு ‘மன்த்லி ஒரே பேமென்ட்தானே சார்’ என்றார்.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். பாதித் தொகை 2,37,500. அவர்கள் கட்டணம் 71,250, அதற்கு வரி 12,825. மொத்தம் 3,21,575. மாதம் 9,000 வீதம் இதைச் சேர்க்க மூன்று வருஷம் ஆகும். அதாவது கடைசிக் கடன் மூன்று வருஷம் கட்டாமலே கிடக்க வேண்டும். அதுவரை கடன் கொடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

இருக்க மாட்டான். என்ன நடக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குள் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, ‘பாதி’ என்று சொன்னது எதில் பாதி என்றே தெரியாமல் போகும். சம்பளக் கணக்கு கடன் கொடுத்த அதே வங்கியில் இருந்தால், அதில் விழுகிற பணத்தைக் கடனுக்கு எடுத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. இஎம்ஐக்கு நாம் கொடுத்திருக்கும் ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால், அது செக் பவுன்ஸ் ஆனதற்குச் சமம். 2007ஆம் வருஷத்துப் பேமென்ட் அண்டு செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 25ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. எல்லா வங்கியும் உடனே கேஸ் போடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் போட்டால், ‘கட்டாதே’ என்று சொன்ன டீமா கோர்ட்டுக்கு வந்து நிற்கும்?

பாதிக்கு முடித்தே விட்டார்கள் என்று வையுங்கள். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்துவைக்கிற சிபில் அறிக்கையில் அந்தக் கடனுக்கு எதிரே ‘செட்டில்டு’ என்று ஏறும். முழுதாக அடைத்தவருக்குப் போடும் ‘க்ளோஸ்டு’ வேறு, இது வேறு. வருஷக்கணக்கில் அந்தக் குறிப்பு கூடவே வரும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போனால் முதலில் அதுதான் கண்ணில் படும். சமரசம் செய்துகொண்ட வங்கி, அந்த ஆளுக்கு மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே விதி போட்டிருக்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் இந்த 12 மாதக் கணக்கு இல்லை.

சமரசத் தீர்வே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வேலை போய்விட்டது, சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டார், எந்த வழியிலும் முழுதாகக் கட்ட முடியாது என்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது நியாயமான வழி. ஆனால் அதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. கிளை மேலாளருக்கு நிலைமையை விளக்கி, மருத்துவச் சீட்டோ வேலை நீக்கக் கடிதமோ வைத்து, நீங்களே எழுதலாம். லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம், அங்கே கட்டணமே கிடையாது. நான் வேலையில் இருந்தபோது நேரில் வந்து உட்கார்ந்து பேசிய கடன்காரருக்குக் கிடைத்த தள்ளுபடி, ஏஜென்ட் வழியாக வந்தவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மச்சினன் விஷயம் அப்படியில்லை. வேலை இருக்கிறது, மாதம் 26,000 கட்டவும் செய்கிறான். போகிற பணம் தப்பான இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவருக்குத்தான் கடனை ஒன்றாக்குவது உண்மையில் உதவும். அதாவது குறைந்த வட்டியில் ஒரு புதுக் கடன் வாங்கி, அதிக வட்டிக் கடன்களை அன்றைக்கே முழுசாக அடைத்துவிடுவது. இதற்கு வேண்டிய ஒரே மூலதனம், இதுவரை தவணை தவறாத பேர். இஎம்ஐயை நிறுத்துங்கள் என்கிற கம்பெனி முதல் மாதத்திலேயே அழிக்கிறது அந்தப் பேரைத்தான். அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் இத்தனை கோபம்.

சம்பளக் கணக்கு இருக்கிற வங்கிக்கே போனோம். போவதற்கு முன்னால் அவன் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இப்படிக் கடன் வரலாற்றை வைத்திருக்கிற நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அதற்கும் காசு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். வங்கியில் 14 சதவீதத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

அன்று இரவு அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பில், பாஸ்புக், கால்குலேட்டர் எல்லாம் பரப்பி உட்கார்ந்தோம். நாலையும் சேர்த்து 4,75,000 வாங்கிவிடலாம் என்பது அவன் யோசனை. நான் பர்சனல் லோனைத் தனியே எடுத்து வைத்தேன்.

‘ஏனுங்கண்ணா, அதையும் சேத்துப் போட்டா எல்லாம் ஒரே தேதியில போயிருமுல்லங்க?’ என்று அவன் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பர்சனல் லோனுக்கு இன்னும் 26 மாதம் பாக்கி. அதை 16லிருந்து 14 சதவீதத்துக்கு மாற்றினால் அத்தனை மாதத்துக்கும் சேர்த்து மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய 5,200 ரூபாய். முன்கூட்டி முடிக்கப் பழைய வங்கி கேட்கும் அபராதம் 4 சதவீதம், வரியோடு 9,912. ஐயாயிரத்தை மிச்சம் பிடிக்கப் பத்தாயிரம் செலவழிப்பதா? ஒரே தேதி வேண்டுமென்றால் போனில் ரிமைண்டர் வைத்துக்கொள்ளலாம் அம்மா என்றேன். சிரித்துவிட்டாள்.

கடனை ஒன்றாக்குவது என்றால் எல்லாவற்றையும் வாரிப் போட வேண்டும் என்றில்லை. தின்கிற கடனை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு கார்டும் ஆப் கடனும் சேர்த்து 2,65,000.

அடுத்த சோதனை காலக்கெடு. மறுபடி வங்கிக்குப் போனபோது அங்கே இருந்த பெண் 60 மாதத்துக்குப் போட்டுக் காட்டினார்: மாதம் 6,166. மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ‘மாமா, ஆறாயிரந்தானுங்க!’ 24 மாதத்துக்குப் போடச் சொன்னேன்: 12,723. முகம் சுருங்கிவிட்டது. இப்போது மொத்த வட்டியைப் பாருங்கள். 24 மாதத்தில் 40,400 ரூபாய். 60 மாதத்தில் 1,05,000. வட்டி விகிதம் ஒன்றுதான், கடனும் ஒன்றுதான். ‘இஎம்ஐ பாதியாகிறது’ என்கிற விளம்பரத்தின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் காலநீட்டிப்புதான். வட்டியைக் குறைத்துத் தவணை குறைந்தால் அது லாபம், வருஷத்தைக் கூட்டித் தவணை குறைந்தால் அது நஷ்டம்.

ஏற்கெனவே இந்த மூன்றுக்கும் 16,500 கட்டிக்கொண்டிருந்தவன்தானே, 12,723 எப்படிப் பாரமாகும்? மாதம் 3,800 ரூபாய் கையில் மிஞ்சும், இரண்டு வருஷத்தில் கடனும் முடியும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: கார்டு இரண்டும் நாலு மாதத்தில் தின்கிற வட்டிதான், கொஞ்சம் முன்னப்பின்ன, இந்தப் புதுக் கடனின் இரண்டு வருஷ வட்டி. இதைக் கேட்ட பிறகுதான் 24க்குச் சம்மதித்தான்.

நகையைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் மனைவியே கேட்டாள், ‘எம்பட நகை இருக்குதுங்களேண்ணா’ என்று. வெறும் வட்டியை மட்டும் பார்த்தால் வங்கி நகைக்கடன் பர்சனல் லோனைவிட மலிவு. ஆனால் பெரும்பாலான நகைக்கடனில் மாதாமாதம் அசல் கழிவதில்லை. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டி மீட்க வேண்டும். முடியாதவர்கள் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அப்படித் திருப்பித் திருப்பி வைத்துக் கடைசியில் ஏலத்துக்குப் போன தாலிக்கொடிகளை நான் பார்த்திருக்கிறேன். சேமிப்பில் கட்டுப்பாடு உள்ளவருக்கு நகைக்கடன் சரி. மாதத் தவணை இழுத்துப் பிடித்தால்தான் கட்டுவேன் என்பவருக்கு வேண்டாம். தவிர, நகை அவளுடையது, கார்டு அவனுடையது.

கையெழுத்துப் போடுமுன் கேஎஃப்எஸ் (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) என்கிற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும் இது கட்டாயம். செயல்முறைக் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து வருஷ வட்டி உண்மையில் எவ்வளவு என்று அதில் ஏபிஆர் என்ற பெயரில் போட்டிருக்கும். மச்சினன் தாளில் 2 சதவீதக் கட்டணம், வரியோடு 6,254. அதைத் தவிர ‘லோன் புரொடெக்‌ஷன்’ என்று ஒரு காப்பீட்டுப் பிரீமியம் நாங்கள் கேட்காமலே உட்கார்ந்திருந்தது. கம்பெனியிலேயே அவனுக்குக் காப்பீடு உண்டு, வேண்டாம் என்றோம். எடுத்துவிட்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் கடனோடு சேர்ந்து அதற்கும் இரண்டு வருஷம் வட்டி கட்டியிருப்பான்.

பணம் வந்த அன்றே கார்டு பாக்கியை முழுதாகக் கட்டவைத்தேன். ஒரு நாள் கணக்கில் தூங்கினாலும் பிரிட்ஜ், ஏசி என்று அதற்கு வேலை வந்துவிடும். முழுதும் கட்டின பிறகும் அடுத்த மாத பில்லில் ஒரு சின்னத் தொகை வரும். பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டின தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. பலர் ‘எல்லாந்தான் கட்டியாச்சே’ என்று அதைப் பார்க்காமல் விட்டு, 300 ரூபாய்க்காகச் சிபிலில் கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

பிறகு கார்டு. இதில்தான் நம் ஊர் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூரில் 2017 முதல் வங்கிகள் சேர்ந்து நடத்துகிற கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் ஒன்று உண்டு. அங்கே இருக்கிற நம் ஆட்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் சேர்ந்தால் பழைய கார்டுகளை முடக்கிவிடுவார்கள். அவசரத்துக்கு என்று ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு மட்டும் ஒரு கடன் வசதியை விட்டுவைப்பார்கள். மலேசியாவில் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்கிற நிறுவனம், கடனில் சிக்கியவருக்கு இலவசமாகவே ஆலோசனை சொல்லி, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றித் தருகிறது. இங்கே அந்த அளவுக்கு ஊரறிந்த பொது ஏற்பாடு ஒன்று இல்லாததால்தான் போன் கம்பெனிகள் அந்த இடத்தில் கடை விரித்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மூரில் கடனை ஒன்றாக்கிய மறுநாள் இரண்டு காலி கார்டுகள் சட்டைப்பையில் இருக்கும், 2,20,000 ரூபாய் தேய்க்க இடத்தோடு. ஒரு வருஷத்தில் அதுவும் நிறைந்து, புதுக் கடனும் நின்றுகொண்டிருக்கும். வங்கியில் நான் அதிகம் பார்த்த விபத்து இதுதான். எனவே ஒரு கார்டை மூடச் சொல்லி எழுதினோம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடித் தர வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2022ஆம் வருஷ விதி. மற்ற கார்டின் வரம்பை 30,000 ஆகக் குறைத்தோம். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன?

ஆப் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆப்பின் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் இருந்தால் முறைப்படி அடைத்து, நோ டியூ சான்றிதழ் வாங்கிவிடலாம். பதிவே இல்லாமல் போட்டோவை மார்ஃப் செய்வேன், உறவினருக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிற கூட்டமாக இருந்தால் அது கடன் விவகாரமே இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். பதிவு பெற்ற நிறுவனத்தின் வசூல் ஆட்களும் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், காசு கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண், தமிழிலும் பேசலாம்.

உங்களுக்கும் அந்த போன் வரும். வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இந்த மாசம் நான் கட்டற பணம் கடன் குடுத்தவனுக்குப் போகுமா, உங்க கணக்குக்கு வருமா?’ ‘எங்க கணக்குக்கு’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு, அடுத்த தவணை தவறுவதற்கு முன்னால் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற கிளைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.